உட்காரத் தெரிந்த ஹீட் கன்

என் அண்ணியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அண்ணன்தான் முதலில் குறுக்கே வந்து நிற்பான். அவன் சுபாவம் அப்படி. யார் எதைத் தூக்கினாலும் அவன் கை முன்னால் போகும். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் பையை வாங்கி மேலே ஏற்றிவிடுவான். அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்க வேண்டியவர் என்று தெரிந்ததும் அசடு வழிய இறக்கிக் கொடுப்பான். சின்ன வயதில் நான் வைத்த முந்திரிக்கொட்டை என்ற பெயர் இன்றைக்கும் அவனுக்குப் பொருந்துகிறது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். குழந்தைகளின் பைகளை எல்லாம் தானே ஏற்றி இறக்குவான். அந்தக் குழந்தைகள் இவனால் சோம்பேறிகளாகிப் போகின்றன என்று ஒரு தாய் சண்டைக்கு வந்ததும் உண்டு.

அண்ணி இதற்கு நேர் எதிர். கேட்காமல் கொடுத்தால் வாங்கமாட்டாள், தானாகக் கேட்கவும் மாட்டாள். "நானே எடுத்துக்கறேன்" என்பதுதான் அவள் வாயில் அதிகம் வருகிற வார்த்தை. இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் எப்படிக் குப்பை கொட்டுகிறார்கள் என்று எனக்கு வெகுநாள் ஆச்சரியம். நான் மாடியில் குடியிருக்கிறேன். தபால் கவுண்டரில் வேலை. நாள் முழுக்க வரிசையில் நிற்பவர்களிடம் கத்திவிட்டு வருவதால் வீட்டில் எனக்கு வாய் கொஞ்சம் ஓய்வாகத்தான் இருக்கும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அண்ணிக்குத் தையல் மெஷின் மோட்டார்களுக்கு ஒயர் கட்டுகிற பட்டறையில் வேலை. இரண்டு ஒயர்களைச் சேர்த்து அழுத்திய இடத்தில் கறுப்பாக ஒரு சின்னக் குழாய் மாட்டுவார்கள். ஸ்லீவ் என்று பெயர். அதன்மேல் ஹீட் கன்னால் சூடு காட்டினால் அது சுருங்கி இணைப்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஹீட் கன் வேறொன்றுமில்லை, தலைமுடி உலர்த்துகிற கருவிக்கு முரட்டு அண்ணன். இடது கையில் ஒயர், வலது கையில் கன் என்று அண்ணி வருஷக்கணக்காகச் செய்த வேலை இது. அவள் போட்ட ஸ்லீவை இழுத்தால் ஒயர் அறுந்தாலும் அறும், ஸ்லீவ் நகராது என்று மேஸ்திரி புதிதாக வருகிறவர்களிடம் சொல்லுவார்.

போன மழைக்காலத்தில் அண்ணியின் ஸ்கூட்டர் சறுக்கிவிட்டது. எலும்பு எல்லாம் சேர்ந்துவிட்டது, நரம்புதான் சேரவில்லை. இடது முழங்கை மடங்கும், விரல்கள் மூடாது. முழங்கைக்குக் கீழே தொட்டால் தெரியாது. கொஞ்சம் திரும்ப வரலாம், முழுசாக வராது என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். அண்ணி அழவில்லை. "கொஞ்சம்னா எவ்வளவு?" என்று மட்டும் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம் முந்திரிக்கொட்டையின் ராஜ்ஜியம்தான். அண்ணி தம்ளரைப் பார்த்தால் தண்ணீர் வாயருகே வரும். கதவைப் பார்த்தால் தாழ்ப்பாள் திறக்கும். ஆஸ்பத்திரியில் 'ஆ காட்டு' என்று ஊட்ட ஆரம்பித்தவன் வீட்டுக்கு வந்தும் நிறுத்தவில்லை. அவள் வலது கை நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, "அதுக்கு ஓய்வு வேணாமா?" என்றான். அன்பு இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். ஆனால் அவன் தலை சீவிவிடும்போது கண்ணாடியில் அண்ணியின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் மேஸ்திரியே வீட்டுக்கு வந்தார். பெரிய மீசை வைத்த நல்ல மனுஷர். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, முதலாளி சொல்லி அனுப்பியதைச் சொன்னார்.

"அடுத்த மாசத்திலேருந்து வாசல் மேஜையில உக்காருங்கம்மா. வர்றவங்களுக்கு டோக்கன் குடுக்கணும், யாரைப் பார்க்கணும்னு கேட்கணும். அவ்வளவுதான். கஷ்டமில்லாத வேலை."

"கஷ்டமில்லைன்னு யார் சொன்னது?" என்றாள் அண்ணி. "வீட்டுக்குக் குடுத்து அனுப்பறீங்களே ஸ்லீவ் வேலை, அதை எனக்குக் குடுங்க."

"அது ரெண்டு கை வேலைம்மா."

"ஒரு கையால செஞ்சு காட்டினா?"

மேஸ்திரி மீசையைத் தடவினார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அதற்குள், "நான் கூட இருந்து பார்த்துக்கறேன் மேஸ்திரி, நீங்க கவலைப்படாதீங்க" என்று முந்திக்கொண்டான். அதுதான் வினையாகப் போயிற்று.

"அது வேணாம் தம்பி," என்றார் மேஸ்திரி. "நீங்க கூட இருந்தா உங்க வேன் ஓடற நேரமெல்லாம் வேலை நிக்கும். எனக்குச் சரக்கு நிக்கக் கூடாது." அண்ணி பக்கம் திரும்பினார். "ஒரு பெட்டி அனுப்பி வைக்கிறேன். மாசக் கடைசியில நானே வந்து ஒவ்வொண்ணா இழுத்துப் பார்ப்பேன். எல்லாம் உங்க கையால ஆகியிருக்கணும். கன்னும் நீங்களேதான் வாங்கிக்கணும், வீட்டு வேலைக்குப் பட்டறை கன் தர்றதில்லை. சரியா வரலேன்னா வாசல் மேஜைதான், அப்புறம் என்மேல கோவிச்சுக்கக் கூடாது."

அண்ணி சரி என்று தலையாட்டினாள். அவள் தலையாட்டினால் ஆட்டியதுதான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ரகம் இல்லை. நாலாவது காலையும் எண்ணிவிட்டுத்தான் பிடிப்பாள், பிடித்தபின் விடமாட்டாள்.

விஷயம் தெரு முழுக்கப் பரவிற்று. எதிர் வீட்டு நர்ஸம்மா நலம் விசாரிக்க வந்த சாக்கில், "உனக்கு எதுக்கும்மா இந்த வீம்பு? ஒரு கை தட்டினா ஓசை வருமா?" என்றாள். அண்ணி வலது கையால் மேஜையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். தண்ணீர் தம்ளர் குதித்தது. "வருதே," என்றாள். நர்ஸம்மா காபிக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிட்டாள்.

மறுநாளே அண்ணன் ஹீட் கன்னோடு வந்தான். கடையிலேயே பெரிசு. மஞ்சள் நிறத்தில், சுவரில் ஓட்டை போடுகிற மெஷின் அளவுக்கு இருந்தது. "பெயிண்ட் உரியும், தரை ஓடு பெயரும், இரும்பே இளகும்னு கடைக்காரர் சொல்றார்" என்று பெருமையாகக் காட்டினான். ஸ்லீவ் சுருங்குமா என்று நான் கேட்டேன். இரும்பே இளகும்போது ஸ்லீவ் எம்மாத்திரம் என்றான்.

வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கிற மெஷின் இருக்கிற சின்ன அறைதான் பட்டறை என்று முடிவாகியிருந்தது. ஜன்னலுக்குக் கீழே பழைய படிப்பு மேஜையைப் போட்டிருந்தார்கள். அண்ணன் கன்னை ப்ளக்கில் சொருகி விசையை அழுத்தினான். வீட்டில் கரண்டு போயிற்று. துவைக்கிற மெஷினை நிறுத்திவிட்டு மறுபடி போட்டதில் கரண்டு போகவில்லை, ஆனால் முதல் ஸ்லீவ் காற்றில் பறந்து மெஷினுக்குப் பின்னால் போய் விழுந்தது. இரண்டாவது ஸ்லீவ் பறக்கவில்லை, கருகிற்று. மூன்றாவதுக்குச் சூட்டைக் குறைத்து, தூரத்தில் பிடித்து, அண்ணி ஒயரைக் காட்ட அண்ணன் கன்னைப் பிடிக்க, ஒருவழியாக ஒட்டிக்கொண்டது.

"பார்த்தியா? நான் பிடிச்சா முடிஞ்சுது" என்றான் அண்ணன்.

அதுதான் கெடுதலே. அவன் பிடித்தால் முடிந்தது. காலையில் வேன் எடுப்பதற்கு முன்னால் கொஞ்சம், சாயங்காலம் வேன் திரும்பியபின் கொஞ்சம் என்று அவர்கள் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் எனக்கு உடம்பு சரியில்லாமல் சீக்கிரம் வந்துவிட்டேன். பின்னறையில் அண்ணி மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஸ்லீவ் மாட்டிய ஒயர்கள் எதிரே வரிசையாகக் கிடந்தன. அவள் ஜன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, ஓய்வா?"

"வேன் வரணும்," என்றாள். எதிரே கிடந்த ஒயரைத் தள்ளிவிட்டு, "நான் வேலை செய்யலை. அவர் வேலை செய்யறார். நான் ஒயர் மாட்டற ஆணி" என்றாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். நானும் தெருவைப் பார்த்தேன்.

அப்புறம் அவளே அந்த மஞ்சள் கன்னைத் தூக்கினாள். இப்படியும் அப்படியும் திருப்பினாள். மூக்கு மேலே பார்க்கிற மாதிரி, பின்பக்கத்தை அடியாக வைத்து மேஜைமேல் நிறுத்தினாள். நின்றது. விசையைப் போட்டாள், காற்று கூரையைப் பார்த்து அடித்தது. ஒரு ஒயரை எடுத்து அந்தக் காற்றில் பிடிக்கப் போனாள். கன்னின் தடித்த ஒயர் தன் கனத்தில் இழுக்க, அது அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. மேஜை விரிப்பு கருகிற வாசனை வந்தபிறகுதான் நான் ப்ளக்கைப் பிடுங்கினேன்.

அண்ணி சிரித்தாள். விபத்துக்கு அப்புறம் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பைத்தியமா அண்ணி உங்களுக்கு?"

"இத்தனை நாளா கன்னைப் பிடிக்க ஆள் தேடிக்கிட்டிருந்தோம். எனக்கு வேண்டியது பிடிக்கவே வேண்டாத கன். அது உக்காந்துக்கிட்டா போதும், ஒயரை நான் அதுகிட்ட கொண்டுபோறேன். வேலை ஒண்ணுதான். எது நகருது, எது நிக்குதுங்கறதுதான் வேற." கருகிய விரிப்பைச் சுருட்டினாள். "புடவையை மாத்திக்கிட்டு வரேன். கடைக்குப் போகலாம்."

எனக்குக் காய்ச்சல் என்பது இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது.

அண்ணன் வாங்கிய கடைக்குத்தான் முதலில் போனோம். மஞ்சள் கன்னைத் திருப்பிக் கொடுத்தோம். கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு நாலைந்தை எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றையும் துப்பாக்கி மாதிரி நீட்டிப் பிடித்து, இத்தனை டிகிரி, இத்தனை வாட்ஸ் என்று வாய் ஓயாமல் சொன்னார். அண்ணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது உக்காருமா?" என்றாள். அவர் ஒருகணம் விழித்தார். பிறகு உள்ளே பார்த்து, அம்மாவுக்கு ஒரு ஸ்டூல் போடச் சொன்னார். ஸ்டூலில் நான் உட்கார்ந்துகொண்டேன், காய்ச்சல்காரிக்கு அதுவாவது கிடைத்தது. அங்கே இருந்த எதுவும் நிமிர்ந்து உட்காரவில்லை. ஒன்று உட்கார்ந்தது, ஆனால் விரல் விசையை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஓடும்.

இரண்டாவது கடை கண்ணாடியும் குளிர்காற்றுமாகப் பெரிய ஷோரூம். அங்கே டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் அண்ணியின் கையைப் பார்த்தார். பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும் என்னிடமே சொல்ல ஆரம்பித்தார். "மேடம், இவங்களுக்கு இது வெயிட்டா இருக்கும். இவங்களுக்கு வேற யாராவது..." என்று இழுத்தார்.

"வாங்கறது அவங்க. அவங்களுக்குக் காது நல்லா கேட்கும்" என்றேன். தபால் கவுண்டர் குரல் தானாக வந்துவிட்டது. பக்கத்தில் ஃபேன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

அண்ணி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கைப்பையைத் திறந்து, ஒயர்த் துண்டும் ஸ்லீவும் எடுத்து வைத்து, ப்ளக் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். வாங்கினால்தான் பெட்டியைப் பிரிக்க முடியும் என்றார் அவர். போட்டுப் பார்க்காமல் செருப்புக்கூட வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டு அண்ணி வெளியே நடந்தாள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் செருப்புத் தைக்கிறவர்களுக்கும் பொம்மை செய்கிறவர்களுக்கும் பசை, தோல், கத்தி எல்லாம் விற்கிற ஒரு குறுகலான கடை இருக்கிறது. கல்லாவில் ஒரு அம்மாள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஹீட் கன் என்றதும் சாப்பிட்ட கையை நீட்டாமல் முழங்கையால் ஒரு அலமாரியைக் காட்டினாள். "எல்லாம் அங்க இருக்கு. ப்ளக் சுவத்துல இருக்கு. நீங்களே எடுத்துப் பாருங்க, நான் சாப்பிடறேன்." அவ்வளவுதான். எழுந்துகூட வரவில்லை. அந்த நிமிஷமே அண்ணிக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அண்ணி ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் நிறுத்தினாள். நிற்கிறதா என்று பார்த்தாள். இடுப்பால் மேஜையை ஒரு இடி இடித்தாள். விழுந்ததை ஒதுக்கினாள். நின்றவற்றின் ஒயரை மேஜை விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, இழுக்கிறதா என்று பார்த்தாள். பிறகு விசை: போட்டுவிட்டால் போட்டபடி நிற்கிறதா, கட்டைவிரலால் மட்டும் தள்ள முடிகிறதா. கடைசியாகக் காற்று: ஸ்லீவைப் பறக்கவிடாமல் மெதுவாக அடிக்கிறதா. டிகிரி, வாட்ஸ் எதையும் அவள் கேட்கவேயில்லை. பொண்ணு பார்க்கப் போன மாமியார் மாதிரி இவ்வளவு குடைகிறாளே என்று நான் நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

தேறியது ஒன்றே ஒன்று. வெளிறிய பச்சை நிறத்தில் சின்னதாக இருந்தது. பின்பக்கம் அகலமாகத் தட்டையாக இருந்தது. அதன் ஒயர் ரப்பர் மாதிரி வளைந்து கொடுத்தது. கூடவே மூக்கில் மாட்டிக்கொள்ள, கரண்டி போல வளைந்த ஒரு தகடும் இருந்தது. அந்த வளைவுக்குள் ஒயரைக் காட்டினால் சூடு சுற்றிவந்து நாலு பக்கமும் படும். அண்ணி தான் கொண்டுவந்த துண்டைக் காட்டினாள். ஸ்லீவ் சோம்பல் முறிப்பதுபோல் அசைந்து, சுருங்கி, ஒயரைக் கவ்விக்கொண்டது. அவள் அதைப் பல்லில் கடித்து இழுத்துப் பார்த்தாள்.

"அது பொம்மை செய்யறவங்க வாங்கறதும்மா. பெயிண்ட் எல்லாம் உரியாது," என்றாள் கல்லா அம்மாள், சாப்பாட்டிலிருந்து தலை தூக்காமல்.

"எனக்கு உரிக்க ஒண்ணும் இல்லை. இதைக் கட்டிக் குடுங்க" என்றாள் அண்ணி.

அண்ணனுக்கு அந்தப் பச்சைச் சாமானைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. "இதுவா? இதுல அப்பளம்கூடப் பொரியாதே" என்றான். ஆனால் அது மேஜையில் உட்கார்ந்த அழகைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டான். அவனுக்கு ஒரு பயம் மட்டும் இருந்தது, அது நியாயமான பயம். இடது கைக்குச் சூடு தெரியாது. கன்னுக்குப் பக்கத்தில் போய் வெந்தாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. அண்ணி அதற்கும் வழி செய்தாள். மேஜையின் குறுக்கே ஒரு மரச்சட்டத்தை அடிக்கச் சொன்னாள். இந்தப் பக்கம் கன், அந்தப் பக்கம் இடது கை. சட்டத்தைத் தாண்டி அந்தக் கை வரக்கூடாது. மேஜை விளிம்பில் துணிக் கிளிப்புகளைத் திருகி வைத்து, ஒயரை அதில் கவ்வவிட்டு, வலது கையால் ஸ்லீவை மாட்டினாள். பிறகு ஒயரை எடுத்துச் சூட்டில் காட்டினாள்.

அண்ணன் கன் பிடித்துப் போட்டதையெல்லாம் பிரித்துவிட்டுத் தானே மறுபடி ஆரம்பித்தாள். முதலில் வந்ததெல்லாம் கோணல். வலது கையில் இரண்டு கொப்புளம். ஒருநாள் கோபத்தில் ஒரு கைப்பிடி ஸ்லீவை ஜன்னல் வழியாக வீசிவிட்டு, தானே வெளியே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். ஆனால் நாள் ஆக ஆக, நான் வேலை முடிந்து வரும்போது பின்னறையிலிருந்து அந்தக் கன்னின் மெல்லிய இரைச்சல் கேட்கும். அண்ணன் வேன் வீட்டில் இருக்கிறதா இல்லையா என்பதற்கும் அந்த இரைச்சலுக்கும் சம்பந்தம் இல்லாமல் போயிற்று. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. அண்ணனுக்கு அப்படி இருந்ததா என்று சொல்ல முடியாது. வீட்டில் வேலையில்லாத மனுஷன் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தான்.

மேஸ்திரி வருவதற்கு முதல்நாள் அண்ணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கைப்பயிற்சிக்குப் போகவேண்டியிருந்தது. பெட்டியில் கால்வாசி பாக்கி. திரும்பி வந்து முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு என்னோடு கிளம்பினாள். அண்ணனுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. வீட்டில் தனியாக இருந்தான், கன் இருந்தது, கை இருந்தது. சொல்ல வேண்டுமா.

நானும் அண்ணியும் திரும்பி வந்தபோது அவன் வாசலிலேயே நின்று, "உள்ள போய்ப் பாரேன்" என்று பல்லைக் காட்டினான். பெட்டி நிறைந்திருந்தது. அண்ணி மேலாக இருந்த ஒன்றை எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பினாள். ஒரு பக்கம் பளபளவென்று வெந்திருந்தது, மறுபக்கம் தளர்ந்து கிடந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, பிளேடை எடுத்து, அவன் போட்ட ஸ்லீவ்களை ஒவ்வொன்றாகக் கீற ஆரம்பித்தாள்.

"உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றான் அண்ணன்.

"நல்லதுக்குத்தான்," என்றாள் அண்ணி, கீறுவதை நிறுத்தாமல். "அதனாலதான் உங்களைத் திட்ட முடியலை. கெடுதல் செஞ்சிருந்தா எனக்குச் சுலபம்."

"நாளைக்குள்ள எப்படி முடிப்பே?"

"முடியலேன்னா வாசல் மேஜையில உக்காருவேன். ஆனா அங்க என்னை உக்கார வச்சது இந்தக் கை இல்லை." மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தாள். பிறகு அவன் கைகளைப் பார்த்தாள். "அது."

அண்ணன் மாடிக்கு வந்து என் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். நான் விடவில்லை. உனக்கு உதவி செய்யப் பிடித்திருக்கிறது, அவளுக்கு உயிரோடு இருக்கப் பிடித்திருக்கிறது, எது பெரிசு என்று கேட்டேன். "சும்மா இருக்க முடியலையே" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. "ரோட்ல அவ விழுந்தப்போ நான் பக்கத்துல இல்லை. அதிலேருந்து கை தானா போகுது." எனக்கு அதற்குமேல் கத்த மனம் வரவில்லை. நாளைக்கு ஒருநாள் மட்டும் கையை எங்கேயாவது அடக்கி வை என்றேன். கீழே கன்னின் இரைச்சல் ஆரம்பித்தது. பொழுது சாயும்வரை கேட்டது, விடிந்ததும் மறுபடி கேட்டது.

மேஸ்திரி வந்தபோது கடைசி ஒயர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சொன்னபடியே ஒவ்வொன்றாக இழுத்தார். ஒயரின் இரண்டு முனையையும் சுற்றிப் பிடித்து, மீசை துடிக்க இழுத்தார். நான் கதவோரம் நின்றேன். அண்ணன் நாற்காலியில், இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். அவர் பெட்டியின் அடிவரை போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று. அவன் அசையவில்லை.

"எல்லாம் நிக்குது," என்று மேஸ்திரி கடைசியில் எழுந்து நின்றார். "ஆனா ஒண்ணு நான் கண்ணால பார்க்கணும்மா. தப்பா நினைச்சுக்காதீங்க."

அண்ணி கட்டைவிரலால் விசையைத் தள்ளினாள். இடது கையைத் தூக்கிச் சட்டத்துக்கு அந்தப் பக்கம் வைத்தாள். கிளிப்பில் ஒயரைக் கவ்வவிட்டு ஸ்லீவை எடுத்தாள். அவள் விரல்கள் காலையிலிருந்து வேலை செய்து களைத்திருந்தன. ஸ்லீவ் நழுவித் தரையில் விழுந்து உருண்டது.

மேஸ்திரி தன்னையறியாமல் குனிந்தார். நானும் ஒரு எட்டு வைத்துவிட்டேன்.

"விடுங்க மேஸ்திரி," என்றான் அண்ணன். "அவ எடுத்துப்பா."

மேஸ்திரி குனிந்தபடியே நின்றுவிட்டார். அண்ணி திரும்பி அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு நாற்காலியை நகர்த்தி, இறங்கி, மேஜைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி ஸ்லீவை எடுத்தாள். மறுபடி உட்கார்ந்தாள். மாட்டினாள். ஒயரைக் கரண்டி மூக்கின் வளைவுக்குள் காட்டி, நிதானமாகத் திருப்பி எடுத்து, மேஸ்திரியிடம் நீட்டினாள். அவர் ஆறவிட்டு இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். ஒயரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"திங்கக்கிழமை ரெண்டு பெட்டி அனுப்பறேன்," என்றார். "இதைப் பட்டறையில காட்டணும், நான் வச்சுக்கறேன்."

அண்ணி கன்னைக் குளிர்காற்றுக்கு மாற்றி, ஆறும்வரை ஓடவிட்டு நிறுத்தினாள். அறை அமைதியாயிற்று. நான் டீ போடப் போனேன். திரும்பி வந்தபோது அண்ணி பிஸ்கட் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னங்க, இதைக் கொஞ்சம் திறந்து குடுங்க" என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளாக அவனிடம் ஒன்று கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை.

அண்ணன் கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்தான். டப்பாவை வாங்கப் போனான். விரல்கள் மூடவில்லை. டப்பா நழுவி மடியில் விழுந்தது.

"மரத்துப் போச்சு," என்றான். கைகளை முகத்துக்கு முன்னால் தூக்கிப் பார்த்தான். "அவ்வளவு நேரம் உக்காந்துட்டேன்ல. என் கைதானான்னே தெரியலை. தொட்டா தெரியலை." சொல்லும்போதே அவன் குரல் நின்றுபோயிற்று. அண்ணியின் இடது கையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"உங்களுக்கு இப்பச் சரியாயிடும்," என்றாள் அண்ணி மெதுவாக.

அவள் டப்பாவைத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் மூடியைத் திருகித் திறந்தாள். மேஸ்திரிக்கு நீட்டினாள், எனக்கு நீட்டினாள். பிறகு அண்ணன் முன்னால் நீட்டி, "எடுத்துக்க முடியுமா, ஊட்டி விடணுமா?" என்றாள்.

"இரு," என்றான் அண்ணன். "நானே எடுத்துக்கறேன்."

விறைத்த விரல்களை டப்பாவுக்குள் விட்டான். ஒரு பிஸ்கட் உடைந்தது, இன்னொன்று நழுவிற்று. மேஸ்திரி டீயைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவன் எடுக்கும்வரை நாங்கள் எல்லோரும் சும்மா காத்திருந்தோம்.